குறி மேலே போகுதா? முள்ளை அராவாதீங்க!

தருமபுரி மாவட்டம் நல்லம்பள்ளி வட்டாரத்தில் காட்டோரம் பயிர் வைப்பவர்களுக்குக் காட்டுப்பன்றித் தொல்லை புதிதல்ல. கூடவே நாட்டுத் துப்பாக்கிப் பேச்சும் வரும். பல கருமருந்துத் துப்பாக்கிகளில் குறிபார்க்கும் முள் குழலோடு நிலையாகப் பொருத்தப்பட்டிருக்கும். திருகித் திருத்த முடியாது.

1851-ல் வந்த கோல்ட் நேவி ரிவால்வரையே பாருங்கள். முன்குறி குழல் நுனியில் ஒரு சிறு முள். பின்குறியோ சுத்தியலில் வெட்டிய பள்ளம். சுத்தியலை இழுத்தால்தான் கண்ணுக்குத் தெரியும். கிட்டத்து இலக்கில் குண்டு மேலே படுவது அதன் இயல்பு.

குண்டு மேலே போனால் முள்ளை அராவத் தோன்றும். ஆனால், முள் குட்டையானால் குண்டு இன்னும் மேலே போகும்! உயரமான முள்தான் தேவை. கணக்கு எளிது: குறிகளுக்கிடையே 25 செ.மீ., இலக்கு 25 மீட்டர், குண்டு 10 செ.மீ. மேலே என்றால் 1 மி.மீ. உயரம் கூட்டினால் போதும். அராவியதை மீண்டும் ஒட்டவைக்க முடியாது.

இங்கே அதைவிட முக்கியமானது சட்டம். 1959 ஆயுதச் சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்க மட்டுமல்ல, பழுதுபார்க்கவும் உரிமம் வேண்டும். தாத்தா காலத்துத் துப்பாக்கி பரணில் கிடந்தாலும், சுடும் நிலையில் இருந்தால் இதே விதிதான். உரிமம் இல்லையா? காவல் நிலையத்தில் ஒப்படையுங்கள். பன்றி பயிரை அழித்தால் வனத்துறையிடம் இழப்பீடு கேளுங்கள். ஒரு போக விளைச்சலைக் காக்கப்போய் வழக்கில் சிக்கினால், கோர்ட்டுக்கு அலைவது மொத்தக் குடும்பமும்தான்.