ஏசிக்கு யார் சொல்வது?

போன மே மாதம் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் என் அக்கா வீட்டில் ஒரு வாரம் தங்கியிருந்தேன். முதல் நாள் விடிந்ததும் விடியாததுமாக ஒரு வழக்கு என்னிடம் வந்தது. அக்காவின் மாமியார், பிள்ளைகளுக்கு ஆயா, இரண்டு போர்வையைச் சுற்றிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தார்.

"மூணு மணிக்கு நிக்கணும்னு வெச்சுட்டுதான் படுத்தேன் தம்பி. விடிஞ்சும் ஓடிக்கிட்டே இருக்கு. சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது இந்த ஏசி."

"ரிமோட் கெட்டுப்போச்சு மாமா" என்று ஆறாம் வகுப்புப் படிக்கும் அக்கா மகள் தீர்ப்பே எழுதிவிட்டாள்.

தீர்ப்புக்கு முன்னால் விசாரணை வேண்டுமே! ரிமோட்டின் நுனியில் சின்ன விளக்கு ஒன்று இருக்கும். அது வீசுவது அகச்சிவப்பு ஒளி. நம் கண்ணுக்குத் தெரியாது, செல்போன் கேமராவுக்குப் பெரும்பாலும் தெரியும். செல்போனில் முன்பக்கக் கேமராவைத் திறந்து, ரிமோட்டை அதற்கு நேராகப் பிடித்துப் பொத்தானை அமுக்கச் சொன்னேன். திரையில் வெளிர் ஊதாவாக மினுமினுத்தது. ரிமோட் மேல் குற்றமில்லை.

இங்கே ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஏசிக்கு நம் அறையைப் பற்றித் தானாக எதுவும் தெரியாது. மணி என்ன, சூடு எவ்வளவு, ஆயாவுக்குக் குளிர்கிறதா, ஒன்றும் தெரியாது. யாரோ அதற்குச் சொல்ல வேண்டும். ஆகவே அது நிற்கவில்லை என்றால் நாம் கேட்க வேண்டிய கேள்வி, 'நிற்கச் சொல்ல வேண்டியவர் யார், அவர் சொன்னாரா?' என்பதுதான்.

அந்த ஏசியில் ரிமோட் ஒருமுறை செய்தியை அனுப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அதன்பின் மணியை எண்ணுவது சுவரில் மாட்டிய பெட்டிக்குள் இருக்கும் மின்சுற்று அட்டை. "ராத்திரி கரண்ட் போச்சா ஆயா?" என்று கேட்டேன். "ரெண்டு மணி வாக்குல ஃபேன் நின்னுது. உடனே சுத்த ஆரம்பிச்சுடுச்சு" என்றார்.

துப்பு கிடைத்துவிட்டது! அந்த அட்டைக்கு இரண்டு விதமான நினைவு உண்டு. 'குளிரூட்டு, 24 டிகிரி' என்பது நோட்டில் எழுதியதுபோல, கரண்ட் போனாலும் அழியாது. 'இன்னும் ஒரு மணி நேரத்தில் நின்றுவிடு' என்பது சிலேட்டில் எழுதியதுபோல. கரண்ட் ஒரு நொடி போனாலும் அழிந்துவிடும். கரண்ட் திரும்பியதும் ஏசி நோட்டைப் பார்த்து ஓடத் தொடங்கியது. சிலேட்டில் எதுவும் இல்லை. பாவம், அது விடியும்வரை உழைத்திருக்கிறது.

ஊகம் சரிதானா? டைமரை வைத்தோம். அக்கா சுவிட்சை அணைத்தார். ஐந்து நிமிடம் காத்திருந்து போட்டார். (உடனே போடக்கூடாது. வெளிப்பெட்டியில் வாயுவை அழுத்தும் கம்ப்ரஸரின் இருபுறமும் அழுத்தம் சமமாகச் சில நிமிடம் பிடிக்கும்.) குளிர்காற்று வந்தது, டைமர் விளக்கு மட்டும் எரியவில்லை. எல்லா ஏசியும் இப்படி இல்லை. உங்கள் வீட்டு ஏசி எப்படி என்று அதோடு வந்த கையேட்டில் பாருங்கள்.

அன்று பகலில் இரண்டாவது வழக்கு. கூடத்து ஏசியின் கம்ப்ரஸர் ஓய்வே எடுக்காமல் ஓடுகிறது. இன்வெர்ட்டர் ஏசியாக இருந்தால் இதில் வியப்பில்லை. அது நிற்காமல், வேகத்தைக் குறைத்து மெதுவாக ஓடும். இது பழைய வகை. கேட்ட குளிர் வந்ததும் 'டக்' என்று நிற்க வேண்டும். நிற்கவில்லை.

இங்கே சொல்ல வேண்டியவர் யார்? அக்கா மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு முன்மூடியைத் திறந்து காட்டினார். ஃபில்டருக்குப் பின்னால், இரண்டு கம்பியில் தொங்கும் மிளகு அளவு மணி ஒன்று. அதுதான் சென்சார். சாதாரண உலோகக் கம்பி சூடானால் மின்சாரத்துக்கு அதன் தடை கூடும். இந்த மணி நேர்மாறு, சூடு ஏற ஏறத் தடை குறையும். அந்தத் தடையை அளந்துதான் அட்டை வெப்பநிலையைக் கணிக்கிறது.

இந்த வேலையை ஒரு காலத்தில் மனிதர்கள் செய்தார்கள். அமெரிக்காவில் வாரன் ஜான்சன் என்று ஓர் ஆசிரியர் இருந்தார். அங்கே குளிர்காலம் கடுமை. பள்ளிப் பணியாளர் ஒவ்வொரு வகுப்பாக நுழைந்து வெப்பமானியைப் பார்த்துவிட்டு, கீழ்த்தளத்துக்குப் போய்ச் சூட்டைக் கூட்டிக் குறைப்பார். பாடம் நடுவில் நின்றுபோகும். அறையே கீழ்த்தளத்துக்கு மணியடித்துச் சொல்லும்படி ஒரு மின்கருவியைச் செய்து 1883-ல் காப்புரிமை பெற்றார் ஜான்சன். நம் மிளகு மணியின் முன்னோர் அது.

எங்கள் சென்சார் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ரிமோட்டில் ஒரு பொத்தான் இருந்தது. அதை அமுக்கினால் சுவரில் உள்ள சென்சாருக்குப் பதில், ரிமோட்டுக்குள் இருக்கும் சென்சாரின் பேச்சை ஏசி கேட்கும். யாரோ அமுக்கியிருக்கிறார்கள். ரிமோட்டோ மேற்கு ஜன்னல் திண்டில், வெயில் படும் இடத்தில் கிடந்தது! அறை எவ்வளவு குளிர்ந்தாலும் 'இன்னும் கொதிக்கிறது' என்றே அது சொல்லிக்கொண்டிருந்தது. ரிமோட்டைக் கூடத்திலேயே வெயில் படாத இடத்தில் வைத்தோம். வேறு எதையும் தொடவில்லை. இரண்டை ஒன்றாக மாற்றினால் எதனால் சரியானது என்றே தெரியாமல் போய்விடும். அரை மணி நேரத்தில் 'டக்'. ஆனால் ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, மறுபடி ஓட ஆரம்பித்தது.

சரி, ஏசி உண்மையில் என்ன வேலை செய்கிறது என்று அளந்து பார்ப்போம் என்று, தண்ணீர் வடியும் குழாயின் அடியில் வாளி வைத்தோம். ஒரு மணி நேரத்தில் ஒன்றேகால் லிட்டர். அத்தனையும் காற்றில் கண்ணுக்குத் தெரியாமல் இருந்த ஆவி. ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியிலிருந்து இறக்க 2,400 கிலோஜூலுக்கு மேல் வெப்பத்தை அகற்ற வேண்டும். கூடத்தில் இருந்தது போன்ற ஒரு டன் ஏசி (அது ஏசியின் எடை அல்ல, ஒரு டன் பனிக்கட்டி ஒரு நாள் முழுக்க உருகி உறிஞ்சும் வெப்பம்) நொடிக்குச் சுமார் 3.5 கிலோஜூல் அகற்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏசியின் உழைப்பில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு தண்ணீர் பிழிவதற்கே போயிருக்கிறது. 1902-ல் வில்லிஸ் கேரியர் முதன்முதலாக இத்தகைய இயந்திரத்தை வடிவமைத்ததே நியூயார்க்கின் புரூக்ளினில் இருந்த ஓர் அச்சகத்தின் ஈரக்காற்றை அடக்கத்தான். ஈரத்தில் காகிதம் விரிந்து, வண்ண அச்சு ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்தாமல் போயிருக்கிறது.

இவ்வளவு ஈரம் எங்கிருந்து வந்தது? நிமிர்ந்து பார்த்தாள் அக்கா மகள். உயரமான கூரைக்குக் கீழே மரச்சட்டங்கள் வைத்த காற்றுத்துளைகள், இரண்டு பக்கமும் திறந்தபடி! நடக்கிற தூரத்தில் கடல். புதுச்சேரியின் பழைய வீடுகள் கடல்காற்றை வரவேற்கக் கட்டப்பட்டவை. இந்த ஊரின் கோல்கொண்டா கட்டடத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது. அரவிந்தர் ஆசிரமத்துக்காக அதை அந்தோனின் ரேமண்ட் என்ற கட்டடக்கலைஞர் வடிவமைத்தார். 1937-ல் வேலை தொடங்கியது. வடக்கிலும் தெற்கிலும் சுவர் முழுக்கத் திருப்பி வைக்கக்கூடிய பட்டைகள். வெயிலை நிறுத்திவிட்டுக் காற்றை மட்டும் உள்ளே விடும். ஏசி இல்லாமலே குளுமை. ஏசிக்கு வேண்டியது இதற்கு நேர் எதிர், எல்லாம் அடைத்திருக்க வேண்டும். எங்கள் ஏசி, பாவம், வங்காள விரிகுடாவின் காற்றையே உலர்த்தப் பார்த்திருக்கிறது!

அட்டைப்பெட்டியை வெட்டித் துளைகளை அடைத்தோம். இப்போது 'டக்' சத்தத்துக்குப் பிறகு நல்ல ஓய்வு.

ஓர் எச்சரிக்கை. ரிமோட்டில் அணைத்த பிறகும் உள்பெட்டியின் காற்றாடி சில நிமிடம் ஓடினால் பயப்பட வேண்டாம், உள்ளே ஈரமாக இருக்கும் குளிர்குழாய்ச் சுருளை உலர்த்துகிறது. ஆனால் அணைத்த பிறகும் வெளியே உள்ள கம்ப்ரஸர் நிற்காமல் ஓடினால் விஷயம் வேறு. மின்சாரத்தைத் துண்டிக்கும் ரிலேயின் முனைகள் தீப்பொறியில் உருகி ஒட்டியிருக்கலாம். அட்டை 'நில்' என்கிறது, கேட்க வேண்டிய கை நகரவில்லை. உடனே பெரியவர்களைக் கூப்பிட்டு மெயின் சுவிட்சை அணைக்கச் சொல்லுங்கள். பிறகு மெக்கானிக்தான் தொட வேண்டும். உப்புக்காற்று வெளிப்பெட்டியின் குழாய்களை அரித்து, வாயு கசிந்தாலும் ஏசி ஓயாமல் ஓடும். அதுவும் அவர் வேலையே.

நான் ஊருக்குக் கிளம்பிய அன்று வாளியில் ஒரு மணி நேரத்துக்கு முக்கால் லிட்டர்தான் சேர்ந்தது. அக்கா மகள் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் கட்டம் போட்டு வைத்திருந்தாள்: நேரம், தண்ணீர், கடல்காற்று உண்டா இல்லையா. கார்த்திகை மழையில் எவ்வளவு வரும் என்று பார்த்து எழுதுகிறேன் மாமா என்றாள்.