குழந்தை வரைந்த பூதம் எழுந்து நிற்க

பழைய கல்யாணப் பத்திரிகைகளைக் கட்டிப் பரணில் போட்டிருப்பவர்கள் இப்போது இறக்கிக்கொள்ளலாம். மேசையில் ஆடும் கதை விளையாட்டுக்குக் காகிதப் பொம்மைகள் செய்ய அதைவிட நல்ல அட்டை தேட வேண்டியதில்லை.

கதை விளையாட்டு என்பது ரோல் பிளேயிங் கேம். ஒருவர் கதை சொல்வார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். “குகை வாசலில் பூதம் நிற்கிறது, என்ன செய்யப் போகிறாய்?” என்று கேட்டால், “மரத்தில் ஏறி ஒளிந்துகொள்வேன்” என்பாள் குழந்தை. ஏற முடிந்ததா என்பதைப் பகடை சொல்லும். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரு அமெரிக்கர்கள் உருவாக்கி 1974-ல் வெளிவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான் இவற்றுக்கெல்லாம் மூத்தது.

யார் எங்கே நிற்கிறார்கள் என்பதைப் பெரியவர்கள் மனத்தில் வைத்துக்கொள்வார்கள். ஏழு வயதுப் பிள்ளைக்குக் கண்முன் தெரிய வேண்டும். அதற்குத்தான் பொம்மை. கடையில் உலோகத்திலும் பிளாஸ்டிக்கிலும் கிடைக்கும், விலைதான் அதிகம். ஆனால் இந்த ஆட்டம் பிறந்த காலத்திலேயே கைகாக்ஸ் மலிவான பிளாஸ்டிக் விலங்குப் பொம்மைகளை வாங்கி மேசையில் வைத்துத்தான் ஆடினார். ஆந்தைத் தலையும் கரடி உடம்புமான அவுல்பேர் என்ற புகழ்பெற்ற மிருகம் அப்படியொரு பொம்மையிலிருந்து பிறந்ததுதான். கையில் கிடைத்ததை வைத்து ஆடுவது இந்த விளையாட்டின் பழைய வழக்கம்.

இனி அளவு. ஆட்டப் பலகையில் ஒரு கட்டம் ஓர் அங்குலம். கதையில் அது ஐந்தடி. ஆகவே பொம்மையின் அகலமும் ஓர் அங்குலம். நான்கு அங்குல நீளப் பட்டை ஒன்றை வெட்டுங்கள். இரு முனைகளிலும் அரை அங்குலம் பாதத்துக்கு. நடுவில் மிஞ்சும் மூன்று அங்குலத்தில் பாதி முன்பக்கம், பாதி முதுகு. ஏ4 தாளின் அகலவாக்கில் இரண்டிரண்டாகப் போட்டால் ஒரு தாளில் 22 பட்டைகள் கிடைக்கும். சாதாரண ஜெராக்ஸ் தாள் துவளும். 200 ஜிஎஸ்எம் அளவிலான அட்டை வேண்டும். பத்திரிகை அட்டை என்றால் அச்சில்லாத பக்கத்தில் வரையுங்கள். மடித்து ஒட்டியதும் அச்சடித்த பக்கம் உள்ளே மறைந்துவிடும்.

எல்லோரும் தவறுவது முதுகு வரையும்போதுதான். முன்பக்கத்தை வரைந்த அதே வாக்கில் முதுகையும் வரைந்தால், மடித்த பிறகு அது தலைகீழாகத் தொங்கும். முன்பக்கம் முடிந்ததும் பட்டையை அப்படியே தலைமாற்றி வைத்துவிட்டு முதுகை வரையச் சொல்லுங்கள். இரண்டு தலைகளும் நடுக்கோட்டில் முட்டிக்கொண்டு நின்றால் சரி. முதுகு எதற்கு என்று விட்டுவிடாதீர்கள். பின்னல், வால், தோள்பை, முதுகில் செருகிய வாள் என்று பிள்ளைகள் மிகவும் ரசித்து வரைவது அங்கேதான்.

மடிக்கும் இடத்தில் மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் ஸ்கேல் வைத்து அழுத்திக் கோடிழுங்கள். தடித்த அட்டையும் வெடிக்காமல் மடியும். ஒட்டுவதற்குக் குச்சிப் பசை நல்லது. நீர்ப்பசை அட்டையைச் சுருளவைக்கும். அதுதான் இருக்கிறது என்றால் மெல்லப் பூசி, காயும் வரை கனமான புத்தகத்தின் அடியில் வையுங்கள். உருவத்தை ஒட்டிக் கத்தரிப்பதானால் காய்ந்த பிறகு இரண்டு பக்கத்தையும் சேர்த்து, சுற்றிலும் இரண்டு மில்லிமீட்டர் வெள்ளை விட்டு வெட்டுங்கள். வாளையும் கொம்பையும் ஒட்ட வெட்டினால் முதல் நாளே ஒடிந்துவிடும். சின்னப் பிள்ளைகளுக்குச் செவ்வகமாகவே விட்டுவிடலாம்.

அரை அங்குலப் பாதங்களை முன்னும் பின்னுமாக விரித்து, ஓர் அங்குலச் சதுர அட்டையில் ஒட்டுங்கள். நம் வீடுகளில் மின்விசிறி ஓடாமல் யாரும் உட்காருவதில்லை, அதனால் அடியில் கனம் அவசியம். ஹார்டுவேர் கடை வாஷரோ ஒரு நாணயமோ ஒட்டினால் காற்றுக்கு அசையாது. ராட்சதனுக்கு நீளத்திலும் அகலத்திலும் இரண்டு கட்டம், அதாவது இரண்டங்குலச் சதுரப் பாதம்.

ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்கிறேன். குழந்தை வரைந்ததைத் திருத்தாதீர்கள். மூன்று கால் குதிரை என்றால் மூன்று கால்தான். நான்காவது கால் எங்கே போனது என்று அவளிடமே கேளுங்கள். அன்றைய கதை அங்கிருந்தே தொடங்கிவிடும். இணையத்தில் அழகான படங்கள் அச்செடுக்கக் கிடைக்கின்றன, ஆனால் தான் வரைந்த வீரன் பூதத்தின் எதிரே நிற்கும்போது குழந்தை பகடையை உருட்டும் விதமே வேறு.

கத்தரியும் பசையும் உங்கள் வேலை, பென்சில் அவளுடையது. முதல் நாளுக்கு ஆளுக்கொரு வீரன், எதிரே ஒரு பூதம் போதும்.