தூக்க மாத்திரை ஊர் ஏக்கத்தைத் தீர்க்காது

வளைகுடா நாடுகளிலிருந்து விடுமுறையில் வருகிறவர்கள் மனநல மருத்துவரிடம் வந்து சேர்வது பெரும்பாலும் கடைசி வாரத்தில்தான். இதயம், வயிறு, நரம்பு என்று எல்லா டாக்டர்களையும் பார்த்துவிட்டு, கையில் டிக்கெட்டோடு வருகிறார்கள். நெஞ்சுப் படபடப்பு, வயிற்றெரிச்சல், தூக்கமின்மை. "ரொம்ப வருஷமா இருக்கு டாக்டர்" என்கிறார்கள். இவ்வளவு நாள் ஏன் பொறுத்தீர்கள்?

பேச்சும் உண்மையும்

"சம்பாதிக்கப் போனவனுக்கு என்ன கவலை?"
ஊர் ஏக்கத்தை 1688-லேயே யோஹன்னஸ் ஹோஃபர் என்ற சுவிஸ் மருத்துவர் ஒரு நோயாக எழுதி வைத்தார். இன்று அதை மட்டும் வைத்து நோய் என்று சொல்வதில்லை. ஆனால் கவனிக்காமல் விட்டால் மனச்சோர்வில் கொண்டுபோய் விடலாம்.

"ஊருக்கு வந்தா சரியாயிடும்."
வந்தவர்களைக் கேளுங்கள். சொந்த வீட்டிலேயே விருந்தாளிபோல் இருக்கிறது என்பார்கள். அவர்கள் இல்லாமலே வீடு நடக்கப் பழகிவிட்டது. பிள்ளை பள்ளி நோட்டில் கையெழுத்துக்கு அம்மாவிடம்தான் ஓடுகிறது.

"போகப் போகப் பழகிடும்."
நாள் போனால் மட்டும் பழகாது. தனக்கென்று ஓர் இடம், பெயர் சொல்லி அழைக்கும் நாலு பேர், தன் இஷ்டப்படி செய்துகொள்ளச் சில காரியங்கள். இவை அமைந்தால்தான் மனம் ஓரிடத்தை வீடு என்று ஏற்கும். தொழிலாளர் கேம்ப் அறையில் அடுக்குக் கட்டிலின் கீழ்த்தட்டைச் சுற்றிக் கைலியைத் திரையாகக் கட்டி, உள்பக்கம் மகள் வரைந்த படத்தை ஒட்டியிருந்தார் ஒருவர். அதற்குப் பிறகுதான் அங்கே நிம்மதியாகக் கண்ணயர முடிந்தது என்றார்.

அறைத்தோழர் டாக்டர் அல்ல

தூக்கம் வரட்டும் என்று பக்கத்துக் கட்டில்காரர் தரும் அல்பிரசோலம் மாத்திரையை ஏன் விழுங்குகிறீர்கள்? சில வாரங்களிலேயே உடல் அதற்கு அடிமையாகலாம். திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். மருந்துச்சீட்டும் முன் அனுமதியும் இல்லாமல் இதை அமீரகத்துக்குக் கொண்டுபோவது சட்டப்படி குற்றம். சிறைக்கும் போக நேரலாம்.

பரிசோதனை

படபடப்புக்கும் தூக்கமின்மைக்கும் உடலில் காரணம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்: தைராய்டு, சர்க்கரை, ஹீமோகுளோபின், தேவைப்பட்டால் இசிஜி.

கேட்டுக்கொள்கிறேன்

அங்கே இருப்பவர்களுக்கு: வார விடுமுறையில் ஒரு வேளையாவது சேர்ந்து சமைத்துச் சாப்பிடுங்கள். ஒரே டீக்கடைக்குப் போய்ப் பழகுங்கள். அரபியோ இந்தியோ நாலு வார்த்தை கற்றுக்கொள்ளுங்கள். தூக்கத்தைக் கெடுத்து வீடியோ கால் பேசாதீர்கள். ஒரு நேரம் வைத்துக்கொள்ளுங்கள். "எப்படியும் திரும்பிவிடுவோம்" என்று வாழ்க்கையைத் தள்ளிப் போடாதீர்கள். அங்கே வேர் பிடிப்பது ஊருக்குச் செய்யும் துரோகம் இல்லை.

குடும்பத்தாருக்கு: பணம் வந்ததா என்பதற்கு முன் தூங்கினாயா என்று கேளுங்கள். பிள்ளையின் படிப்பு, வீட்டுப் பழுது எதுவானாலும் அவரிடமும் யோசனை கேளுங்கள். ஊருக்கு வந்தால் முதல் வாரத்திலேயே மருத்துவரிடம் அழைத்து வாருங்கள். இந்தியாவில் இருக்கும்போது டெலி மானஸ் என்ற மனநல உதவிச் சேவையின் 14416 எண்ணில் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசலாம்.

"செத்துடலாம்போல இருக்கு" என்று ஒருமுறை சொன்னாலும் அன்றே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். அவர் தேறும்வரை தயவுசெய்து விமானம் ஏற்றாதீர்கள். டிக்கெட்டை மாற்றிக்கொள்ளலாம்.