பீர் சைக்கிளும் தூக்கமும்

பத்துப் பன்னிரண்டு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பீர் குடித்தபடியே மிதித்துப் போகும் வண்டி ஒன்று உண்டு. நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாமில் சுற்றுலாப் பயணிகளுக்கு அது கொண்டாட்டம். வாய்க்கால் ஓரத்தில் குடியிருப்பவர்களுக்கோ கூச்சலும் நெரிசலும். 2017 நவம்பரில் நகரின் மையப்பகுதியில் அந்த வண்டிக்குத் தடை வந்தது.

2023-இல் பிடி இன்னும் இறுகியது. சிவப்பு விளக்குப் பகுதித் தெருக்களில் கஞ்சா புகைக்கக் கூடாது; வெள்ளி, சனி இரவுகளில் அங்குள்ள மதுக்கூடங்களை அதிகாலை 2 மணிக்கே மூட வேண்டும். ஆம், அந்த ஊரில் அது சீக்கிரம்தான்!

அதே நகரம், மையத்துக்கு வெளியே சில நடன விடுதிகளுக்கு 24 மணி நேர உரிமமும் கொடுத்திருக்கிறது. இரவுத் தொழில்களுக்காகப் பேச 'இரவு மேயர்' என்று ஒருவர் உண்டு. அவர் நகராட்சி அதிகாரி அல்ல.