கரையில் இருந்தவர்கள் வரைபடத்தில் எங்கே?

2025 ஜூன் 1 அன்று தில்லி ஜங்புராவில் மதராஸி கேம்ப் இடிக்கப்பட்டது. பிழைப்புத் தேடித் தமிழ்நாட்டிலிருந்து போன குடும்பங்கள் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் அங்கே குடியிருந்தன. பக்கத்துக் காலனிகளில் வீட்டு வேலை, டிரைவர் வேலை, இட்லி தோசை வியாபாரம் என்று வாழ்க்கை ஓடியது. பிள்ளைகள் பலர் தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளிகளில் படித்தார்கள். குடிசைகள் பாராபுல்லா கால்வாயை நெருக்குகின்றன, மழைக்காலத்தில் தண்ணீர் வடியாமல் தேங்குகிறது என்று சொல்லி அவற்றை அகற்ற உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. மொத்தம் 370 வீடுகள். மாற்று வீட்டுக்குத் தகுதி உண்டு என்று முதலில் ஏற்கப்பட்டவை 189. அந்த மாற்று வீடும் தில்லியின் வடகோடியில், நரேலாவில்.

இந்தச் செய்தியைக் கட்டடக்கலை மாணவர்களோடு சேர்த்து எழுதக் காரணம் இருக்கிறது. பாராபுல்லா போன்ற கால்வாய்கள் அவர்களுடைய பாடம். ரிட்ஜ் என்று தில்லிக்காரர்கள் சொல்லும் பாறைக் குன்றுகளில் பெய்த மழை, ஓடைகளாக இறங்கி யமுனையில் சேர்ந்த பாதைகள் இவை. நகரம் பெருகியதும் ஓடைகள் சாக்கடைகளாயின. குப்பை மேடாகவும் வேலி போட்ட வெற்றிடமாகவும் கிடக்கும் அந்தக் கரைகள், பூங்காவே இல்லாத பகுதிகளின் நடுவே கிலோமீட்டர் கணக்கில் நீள்கின்றன. கழிவு நீரை நாணலும் கோரையும் வளர்த்துச் சுத்திகரிப்பது, கரையில் நடைபாதை அமைப்பது, சந்தைக்கும் விளையாட்டுக்கும் இடம் ஒதுக்குவது என்று மாணவர்கள் வரைந்து தள்ளுகிறார்கள். அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழக மாணவர்கள்கூட இன்யாகி அல்தாய், பங்கஜ் வீர் குப்தா ஆகிய பேராசிரியர்களோடு பல ஆண்டுகள் யமுனையையும் அதில் விழும் கால்வாய்களையும் ஆராய்ந்தார்கள். அந்த வேலை 2018இல் நூலாகவும் வந்தது.

இந்த உழைப்பின் மேல் எனக்கு மரியாதை உண்டு. என் கவலை முதல் ஷீட்டைப் பற்றியது. வடிவமைப்பு தொடங்குமுன் மாணவர்கள் சைட்டை வரைகிறார்கள். நிலத்தின் சரிவு, மரங்கள், தண்ணீர் ஓடும் திசை, வெயில் விழும் பக்கம் எல்லாம் அதில் துல்லியமாக ஏறும். குடிசைகள் மட்டும் பல சமயம் ஒரே சாம்பல் திட்டாக நின்றுவிடும். அடுத்த ஷீட்டில் அந்தத் திட்டு பச்சையாகிவிடும். அங்கே இருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று, வரைபடங்களை மதிப்பிடும் ஜூரியில் யாராவது கேட்டால் அந்த மாணவரின் அதிர்ஷ்டம்.

பாராபுல்லாவில் சேரும் ஒரே தண்ணீரின் வழியாகப் போனாலே இந்தக் கரைகளை என்ன செய்வது என்பதற்கான பதில்கள் எத்தனை விதம் என்று தெரியும். குஷக் கால்வாய் ஐ.என்.ஏ. சந்தைக்கு எதிரே வரும் இடத்தில் அதை மூடி, மேலே எழுப்பியதுதான் தில்லி ஹாட். வடிவமைத்தவர், தில்லி திட்டமிடல் மற்றும் கட்டடக்கலைப் பள்ளியில் படித்த பிரதீப் சச்தேவா. 1994இல் திறந்தார்கள். நாடு முழுவதிலுமிருந்து வரும் கைவினைஞர்கள் முறை வைத்துக் கடை போடும் அந்தத் திடல், நகரத்துக்குக் கிடைத்த நல்ல பொதுவெளி என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அடியில் ஓடும் நீருக்கு அதனால் ஒரு நன்மையும் இல்லை. நாற்றம் மறைந்தது, அழுக்கு அப்படியே கீழ்நோக்கிப் போனது.

அந்த நீர் பாராபுல்லாவில் கலந்து நிஜாமுதீனை நெருங்குகிறது. இங்கே சுந்தர் நர்சரி இருக்கிறது. புதுதில்லியின் சாலைகளுக்கு மரக்கன்று வளர்த்த பழைய நாற்றுப் பண்ணை, 2018இல் சுமார் 90 ஏக்கர் பூங்காவாகத் திறக்கப்பட்டது. அதன் லேண்ட்ஸ்கேப்பை வடிவமைத்த முகம்மது ஷாஹீர், அதே கட்டடக்கலைப் பள்ளியில் தலைமுறை தலைமுறையாக மாணவர்களை உருவாக்கிய ஆசிரியர். திறப்பு விழாவைப் பார்க்காமல் 2015இல் காலமானார். பூங்காவின் அழகைப் பலரும் எழுதியாயிற்று. நான் மாணவர்களுக்குக் காட்ட விரும்புவது எதிர்ப்புறம் உள்ள நிஜாமுதீன் பஸ்தியை. ஆகா கான் பண்பாட்டு அறக்கட்டளை 2007இல் தொடங்கிய, நர்சரியையும் உள்ளடக்கிய திட்டத்தின் பகுதியாக, குடியிருப்பின் ஓரத்தில் பாழ்பட்டுக் கிடந்த திறந்தவெளிகளும் பூங்காக்களாயின. அவற்றில் ஒன்று பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மட்டுமானது. பர்தா வழக்கம் உள்ள குடும்பத்துப் பெண்களும் அச்சமின்றி வந்து உட்கார இடம் வேண்டும் என்பது வடிவமைப்புக்குள் வந்திருக்கிறது. பூங்கா வந்தது, மக்களும் அங்கேயே இருக்கிறார்கள்.

இன்னும் சற்று தூரத்தில் பாராபுல்லா பாலம். ஜஹாங்கீர் காலத்தில் கட்டிய கல்பாலம், பதினொரு வளைவுகள் கொண்டது. மதராஸி கேம்ப் இருந்தது அதன் அருகில்தான். நடந்தே முடிக்கக்கூடிய தூரத்துக்குள் ஒரே நகரம் இத்தனை விதமாக நடந்துகொண்டிருக்கிறது.

அங்கே இருந்தவர்கள் எங்கே என்ற கேள்வி தில்லியின் அந்தக் கட்டடக்கலைப் பள்ளிக்குப் புதிதல்ல. அங்கே படித்த அருந்ததி ராய் திரைக்கதை எழுதி, பிரதீப் கிருஷன் இயக்கிய படம் ஒன்று 1989இல் தூர்தர்ஷனில் வந்தது. தில்லியின் கட்டடக்கலைக் கல்லூரியொன்றின் கடைசி ஆண்டு மாணவர்களின் கதை. அதில் ஆனி என்னும் மாணவன் ரயில் பாதையோரம் முழுக்கப் பழமரம் நடலாம் என்கிறான். மக்கள் வெளிக்குப் போகும் இடம், மண் வளமாக இருக்கும் என்பது அவன் கணக்கு. எல்லோரும் சிரிக்கிறார்கள். அருந்ததியே நடித்த ராதாவோ, நகரத்துக்குள் நகரமாக ஏற்கப்படாத இன்னொன்று இருக்கிறது என்பதைத் தன் தீசிஸாக வைக்கிறாள். எனக்கு இருவருமே முக்கியம். யாரும் திரும்பிப் பார்க்காத நிலத்தையும் யாரும் கணக்கில் சேர்க்காத ஆட்களையும் பார்த்தவர்கள் அவர்கள்.

கணக்கில் சேர்த்தால் வடிவமைப்பு எப்படி மாறும் என்பதற்கு சாவ்டா கேவ்ரா சாட்சி. நகரத்துக்குள் குடிசை இழந்தவர்களை 2006 முதல் கொண்டுபோய்க் குடியமர்த்திய வடமேற்கு எல்லைக் குடியிருப்பு அது. ஒரு குடும்பத்துக்கு 18 சதுர மீட்டர் அல்லது 12.5 சதுர மீட்டர் மனை. பன்னிரண்டரைச் சதுர மீட்டரில் குடும்பம் நடத்தினால் துணி துவைப்பதும் காய் நறுக்குவதும் பிள்ளை படிப்பதும் தெருவில்தான். அதாவது சந்துதான் சமுதாயக் கூடம். அந்தச் சந்தில் கழிவு நீர் ஓடினால் கூடமும் இல்லை.

லண்டன் மெட்ரோபாலிடன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்த ஜூலியா கிங், கியூர் என்ற தில்லித் தொண்டு நிறுவனத்தோடு அங்கே வேலை செய்தார். வீட்டை மக்கள் செங்கல் செங்கலாகத் தாங்களே கட்டிக்கொள்கிறார்கள். சாக்கடையை ஒரு குடும்பம் தனியாகக் கட்ட முடியாது. கழிப்பறை கட்டினாலும் கழிவு போக வழியில்லை. பொதுக் கழிப்பறையோ இரவில் மூடிவிடும், பெண்கள் என்ன செய்வார்கள்? ஆகவே 322 வீடுகளை இணைத்து, ஆழமில்லாத குழாய்களும் பொதுக் கழிவுத் தொட்டியும் கொண்ட சிறிய சாக்கடை அமைப்பு உருவானது. பிரிட்டனின் ஆர்க்கிடெக்ட்ஸ் ஜர்னல் இதழ் 2014இல் வளரும் பெண் கட்டடக் கலைஞர் விருதை அவருக்கு அளித்தது. ஒரு மாணவி நகரத்தின் பொதுவெளிக்குச் செய்த வேலைகளில் நான் முதலில் சொல்வது இதைத்தான். புகைப்படத்தில் அது தெரியாது, மண்ணுக்கு அடியில் இருக்கிறது.

நரேலாவுக்குப் போன குடும்பங்கள் இப்போது அடுக்குமாடி வீடுகளில் இருக்கின்றன. தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி எதுவும் அங்கே இல்லை. வேலைக்குப் போன வீடுகள் நகரத்தின் மறுகோடியில். அடுத்த தீசிஸுக்கு இடம் தேடும் மாணவர்கள் அங்கே போகலாம். விடியற்காலை முதல் பஸ் எத்தனை மணிக்கு, மே மாத மதியத்தில் நிழல் எங்கே, மாவு அரைக்கவும் தள்ளுவண்டி நிறுத்தவும் தரைத்தளத்தில் இடம் கிடைக்குமா, ஜங்புராவில் வாசலில் உட்கார்ந்து பேசிய பாட்டிகள் நாலாவது மாடியில் இருந்து இறங்கி எங்கே உட்காருவார்கள் என்று முதல் ஷீட்டில் வரையலாம். ஜூரியில் ஆசிரியர்களோடு அந்தக் கட்டடத்தில் குடியிருக்கும் இரண்டு பேரையும் உட்கார வைக்கக் கல்லூரிகள் ஏற்பாடு செய்ய வேண்டும். அதற்கு அரசு உத்தரவோ தனி நிதியோ தேவையில்லை.