புதினாவும் சதகுப்பையும்

புதினா இலையையும் சதகுப்பை விதையையும் தனித்தனியே கசக்கி முகர்ந்து பாருங்கள். வாசனை வேறு வேறு. ஆயினும் இரண்டிலும் பிரதானமாக மணப்பது 'கார்வோன்' என்னும் பொருளே. அதன் ஒவ்வொரு மூலக்கூறிலும் பத்துக் கரி அணு, பதினான்கு ஹைட்ரஜன், ஒரு பிராணவாயு. எது எதனோடு சேர்ந்திருக்கிறது என்பதிலும் பேதமில்லை. பின் மணம் மாறுவானேன்?

கரும்பலகையில் இதற்கு விடை எழுதிக் காட்டுவது கடினம். பலகை தட்டை, மூலக்கூறோ நீளம், அகலம், உயரம் மூன்றும் உடையது. ஆகவேதான் சர்வகலாசாலை மாணவர் கையில் பந்தையும் குச்சியையும் கொடுக்கிறார்கள்.

இவ்வழக்கத்துக்கு ஒரு பூர்வகதை உண்டு. 1865-ம் வருஷம் ஏப்ரல் 7-ந் தேதி லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் ஹாப்மன் என்னும் ஜெர்மானியப் பேராசிரியர் பிரசங்கம் செய்தார். அணுக்களாக அவர் காட்டியவை கிரோக்கே விளையாட்டுப் பந்துகள்! கரிக்குக் கறுப்பு, ஹைட்ரஜனுக்கு வெள்ளை, பிராணவாயுவுக்குச் சிவப்பு. இன்றைய மாணவர்களின் பெட்டிகளிலும் அந்த நிறங்களே. ஆனால் கரியின் நான்கு கைகளையும் அவர் கூட்டல் குறிபோல் ஒரே தளத்தில் நீட்டியிருந்தார்.

அதைத் திருத்தியவர் ஹாலந்து தேசத்து வாண்ட் ஹாப். 1874-ல் அவருக்கு வயது 22. நான்கு கைகளும் ஒரு நான்முகியின் நான்கு மூலைகளை நோக்குகின்றன என்றார். அட்டையில் சிறு உருவங்கள் செய்து மற்ற விஞ்ஞானிகளுக்கு அனுப்பினார். மிருக வைத்தியக் கல்லூரியில் வேலை பார்க்கும் பையனுக்கு இந்த ஆகாசக் கற்பனை எதற்கு என்று 1877-ல் சீறினார் கோல்பே என்ற பெரிய ரசாயனி. 1901-ல் ரசாயனத்துக்கான முதல் நோபல் பரிசு அந்தப் 'பையனுக்கு'த்தான் கிடைத்தது. பாவம், கோல்பே 1884-லேயே காலமாகிவிட்டார்.

வீட்டிலேயே இதைச் சோதிக்கலாம். ஓர் உருளைக்கிழங்கில் நான்கு ஈர்க்குகளை நான்கு திசையில் சமதூரமாகச் செருகி, நுனிகளில் எலுமிச்சங்காய், சுண்டைக்காய், கத்தரிப் பிஞ்சு, தக்காளி என்று குத்துங்கள். அதன் கண்ணாடிப் பிம்பத்தைப்போல் இன்னொன்று செய்யுங்கள். எப்படித் திருப்பினாலும் இரண்டு காய்கள் பொருந்தும்போது மற்ற இரண்டும் இடம் மாறி நிற்கும். புதினாவின் கார்வோனும் சதகுப்பையின் கார்வோனும் இப்படிப்பட்ட ஜோடியே. வலக்கால் செருப்பு இடக்காலில் சரியாகப் பொருந்தாததுபோல், நம் நாசிக்குள் மணத்தை உணரும் இடங்களிலும் இரண்டும் ஒரேவிதமாகப் பொருந்துவதில்லை.

இப்போது கணினித் திரையில் மூலக்கூறுகள் அழகாகச் சுழல்கின்றன. நன்றுதான், ஆனால் திரையும் தட்டைதானே! பரீட்சைக்காக 'வலம், இடம்' என்று உருப்போட்ட மாணவனிடம் அந்த இரண்டு கிழங்குகளையும் கொடுத்து ஒன்றன்மேல் ஒன்றைப் பொருத்தச் சொல்லுங்கள். ஐந்து நிமிஷம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தானே சிரிப்பான்.