பகைக்கு நடுவே ஒரு காதல்... ரான்ச் கதைகள் சொல்லாமல் விடும் நிஜம்!

ரெண்டு பெரிய மாட்டுப் பண்ணைகள். நடுவில் ஒரு வேலி. இந்தப் பக்கத்துப் பையனுக்கும் அந்தப் பக்கத்துப் பெண்ணுக்கும் காதல். ரெண்டு அப்பாக்களும் துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்கள். வீட்டுக்குள் ஆளுக்கொரு ரகசியம்.

'யெல்லோஸ்டோன்' மாதிரி ரான்ச் கதைகளை விடிய விடியப் பார்ப்பவரா நீங்கள்? அப்படின்னா, இந்த ஃபார்முலாவுக்குள் ஒளிந்திருக்கும் ஒரு நிஜப் பகையைத் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்காவின் அரிசோனாவில் 1880-களில் கிரஹாம், டியூக்ஸ்பரி என்ற ரெண்டு குடும்பங்களுக்கு நடுவே நடந்தது. இடத்தின் பெயர் பிளசன்ட் வேலி. அதாவது, இனிமையான பள்ளத்தாக்கு. நடந்தது எதுவும் இனிமையாக இல்லை.

கன்றுக்குட்டி யாருடையது?

முதல் ட்விஸ்ட், அங்கே வேலியே கிடையாது. எல்லோருடைய மாடும் ஒரே திறந்தவெளியில் மேயும். மாட்டின் தோலில் சூடு போட்ட குறிதான் அடையாளம். ஒவ்வொரு பண்ணைக்கும் தனிக்குறி உண்டு. தாயோடு திரியும் கன்று யாருடையது என்று தெரிந்துவிடும். தாயைப் பிரிந்த, குறி போடாத கன்று? யார் முதலில் சூடு போடுகிறாரோ, கிட்டத்தட்ட அவருக்குத்தான். அப்படிப்பட்ட கன்றுக்குப் பெயர் 'மேவரிக்'. ஆமாம், 'டாப் கன்' ஹீரோவின் அதே பெயர்தான்! தன் மாடுகளுக்குக் குறி போடாமல் விட்ட சாமுவேல் மேவரிக் என்ற டெக்சாஸ்காரரிடமிருந்து வந்த வார்த்தை.

இதில் இருக்கும் வில்லங்கம் புரிகிறதா? திடீரென்று ஒருவருடைய மந்தை பெருகினால், அது உழைப்பா திருட்டா என்று பக்கத்து வீட்டுக்காரரால் சொல்ல முடியாது. சந்தேகம் மட்டும் இருக்கும். ரான்ச் கதைகளில் எல்லாக் குடும்பத்துக்கும் ஒரு ரகசியம் இருப்பது சும்மா இல்லை. அந்தத் தொழிலிலேயே ரகசியத்துக்கு இடம் இருந்தது.

நண்பர்கள் எதிரிகளான கதை

ஆரம்பத்தில் கிரஹாம்களும் டியூக்ஸ்பரிகளும் நண்பர்கள். அந்தப் பகுதியின் பெரிய மாட்டுக்காரர் ஜேம்ஸ் ஸ்டின்சன். அவர் மாடுகள் காணாமல் போனபோது, ரெண்டு குடும்பத்தின் மீதும் சந்தேகம் விழுந்தது. அப்போது கிரஹாம் சகோதரர்கள் ஸ்டின்சனோடு ரகசியமாக ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். டியூக்ஸ்பரிகளுக்கு எதிராகச் சாட்சி சொன்னால் மாடுகள் பரிசு. வழக்கு கோர்ட்டில் நிற்கவில்லை. ஆனா, நட்பு அங்கேயே செத்துப்போனது.

1887-ல் ஆடுகள் வந்தன. புல்லை ஆடு ஒட்ட மேய்ந்துவிடும், அப்புறம் மாட்டுக்கு ஒன்றும் மிஞ்சாது என்பது மாட்டுக்காரர்களின் கோபம். வடக்கிலிருந்து பள்ளத்தாக்குக்குள் இறக்கப்பட்ட ஆட்டு மந்தைக்கு டியூக்ஸ்பரிகள் துணை நின்றார்கள். அந்த வருடமே துப்பாக்கிகள் பேச ஆரம்பித்தன. செப்டம்பரில் ஜான் டியூக்ஸ்பரி கொல்லப்பட்டார். அதே மாதம் ஜான் கிரஹாம், ஷெரீஃபின் ஆட்களால் சுட்டுக்கொல்லப்பட்டார்.

நாவலில் காதல் ஜெயித்தது

சுமார் 30 வருடம் கழித்து, எழுத்தாளர் ஜேன் கிரே இந்தக் கதையைத் தேடி அங்கே போனார். முதல் தடவை யாரும் வாய் திறக்கவில்லை. திரும்பத் திரும்பப் போய், பழகி, கேட்டார். ஆளுக்கொரு கதை சொன்னார்கள். பகையின் உண்மைக் காரணம் கடைசிவரை அவருக்குப் பிடிபடவே இல்லை.

அப்படிக் கேட்டதை வைத்து 1921-ல் அவர் எழுதிய நாவல்தான் 'டு தி லாஸ்ட் மேன்'. மாட்டுக்காரர் மகன் ஜீன் இஸ்பெல், ஆட்டுக்காரர் மகள் எல்லன் ஜோர்த். யாரென்று தெரியாமலே சந்தித்து, மனம் பறிகொடுக்கிறார்கள். தன் அப்பா நேர்மையானவர் என்று நம்பும் எல்லனுக்கு, அவர் திருட்டில் இருப்பது கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியவருகிறது. ரெண்டு பக்கமும் ஆட்கள் சாய்ந்த பிறகு, காதலர்கள் மட்டும் மிஞ்சுகிறார்கள். படிக்க சூப்பர். சினிமாவாகவும் வந்தது.

நிஜத்தில் ரெண்டு பெண்கள்

நிஜத்தில் காதல் இருந்ததா? இருந்தது. ஆனா, பகையைத் தாண்டிப் போகவில்லை. இங்கே ரெண்டு பெண்களைப் பார்க்கணும்.

முதலாமவர் மேரி ஆன். ஜான் டியூக்ஸ்பரியின் மனைவி. கணவர் கொல்லப்பட்டபோது நிறைமாதக் கர்ப்பிணி. பிறகு ஜான் ரோட்ஸ் என்பவரை மணந்தார்.

இரண்டாமவர் ஆனி. 1887 அக்டோபரில், பகை உச்சத்தில் இருந்தபோது டாம் கிரஹாமை மணந்தவர். ரெண்டு பேரும் பள்ளத்தாக்கை விட்டு விலகி, டெம்பி என்ற ஊரில் விவசாயம் பார்த்தார்கள். அஞ்சு வருடம் அமைதி. 1892 ஆகஸ்ட் 2 அன்று, தானிய வண்டி ஓட்டிச் சென்ற டாமை வழியில் சுட்டார்கள். உயிர் போகும் முன் அவர் ரெண்டு பெயர்களைச் சொன்னார். எட் டியூக்ஸ்பரி, ஜான் ரோட்ஸ். ஆமாம், மேரி ஆனின் புதுக் கணவர்.

விசாரணை நடந்த அறைக்கு, கணவரின் துப்பாக்கியை மறைத்து எடுத்து வந்தார் ஆனி. ரோட்ஸை நோக்கி விசையை இழுத்தார். குண்டு பாயவில்லை. பாய்ந்திருந்தால் மேரி ஆன் இரண்டாவது முறை விதவையாகியிருப்பார்.

ரோட்ஸ் விடுவிக்கப்பட்டார். எட் டியூக்ஸ்பரிக்கு எதிராக வந்த தீர்ப்பு, சட்ட நுணுக்கத்தில் ரத்தானது. மறுவிசாரணையில் ஜூரிகள் ஒத்துப்போகவில்லை. 1896-ல் அவரும் வெளியே வந்தார். ஆனிக்குக் கிடைத்தது என்ன? ஒன்றுமில்லை.

இதில் நமக்கு என்ன?

கதையில் ரகசியம்தான் கிக். யாருக்கும் தெரியாத சந்திப்பு, மறைத்த கடிதம், சொல்லாத உண்மை. நிஜத்தில் அந்தப் பள்ளத்தாக்கை அழித்ததே, முதுகுக்குப் பின்னால் போட்ட ஒப்பந்தமும் தெரிந்தவர்கள் காத்த மௌனமும்தான். ஆனி, ஊரை விட்டு விலகினால் பகையும் விலகிவிடும் என்று நம்பியிருக்கலாம். பகை முகவரி விசாரித்துக்கொண்டு பின்னாலேயே வந்தது.

ரெண்டு வீட்டுக்கும் ஆகாத ஒரு காதலில் நீங்கள் இருந்தால், அந்தப் பகை எதனால் வந்தது, யார் என்ன செய்தார்கள் என்பதை ரெண்டு பேரும் வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். ஒரு வீட்டுச் செய்தியை இன்னொரு வீட்டுக்குக் கடத்தும் ஆளாக மட்டும் மாறாதீர்கள். ஆபத்து என்று தோன்றினால், ரெண்டு பக்கமும் சேராத, நம்பிக்கையான ஒருவருக்காவது எல்லாம் தெரிந்திருக்கட்டும். உங்கள் பாதுகாப்பைவிடப் பெரிய ரகசியம் எதுவும் இல்லை.

சரி, இனி அடுத்த ரான்ச் சீரிஸை ஆரம்பியுங்கள். ஹீரோ துப்பாக்கியைத் தூக்கும்போது, அந்த வீட்டுப் பெண்களின் முகத்தையும் ஒரு முறை பாருங்கள்!